2 வயது முதல் 14 வயது வரை 18 குழந்தைகள்: திருமண மண்டபத்தில் எல்லோரையும் எப்படி ஈடுபடுத்துவது?

காவிரிக்கரை (மயிலாடுதுறை) கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஆவணி மாதத்தில் என் தம்பிக்கு எங்கள் ஊரிலேயே திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. முந்தின நாள் மாலை ஆறரை மணிக்கு வரவேற்பு, மறுநாள் காலை 6 மணி முதல் 7.30 மணி வரை முகூர்த்தம். நான் மணமகனின் அக்கா. எங்கள் வழக்கப்படி தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மற்ற இரண்டு முடிச்சுகளையும் நாத்தனார்தான் போட வேண்டும் என்பதால், அந்த நேரத்தில் நான் மேடையை விட்டு நகர முடியாது. அம்மாவுக்கும் சித்திக்கும் சடங்குகளில் வேலை இருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் வாசலில் வரவேற்க நிற்பார்கள்.

இரு வீட்டாரின் நெருங்கிய உறவில் மட்டும் 18 குழந்தைகள் வருகிறார்கள். 2 முதல் 4 வயதுக்குள் நான்கு பேர், 5 முதல் 8 வயதுக்குள் ஏழு பேர், 9 முதல் 11 வயதுக்குள் நான்கு பேர், மீதி மூவர் 12 வயதைக் கடந்தவர்கள். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று வெவ்வேறு ஊர்களில் வளர்கிறவர்கள். பலருக்கு ஒருவரையொருவர் அறிமுகமில்லை. எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் நடந்த திருமணங்களில் பெரிய பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவதையும், சின்னஞ்சிறுசுகள் அழுது அழுது தாய்மாரைப் பந்தியில்கூட உட்காரவிடாமல் செய்வதையும் பார்த்திருக்கிறேன். என் தம்பி கல்யாணம் இந்தக் குழந்தைகளின் நினைவில் நல்லபடியாக நிற்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

மண்டபத்தில் கீழ்த்தளம் சாப்பாட்டுக் கூடம், மேல்தளம் திருமணக் கூடம். மேல்தளத்திலேயே குளிர்சாதன வசதியுள்ள அறை ஒன்று எங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. காற்றடித்த குதிக்கும் கூடாரம், கார்ட்டூன் வேடமிட்டவர்கள், முகத்தில் வண்ணம் தீட்டுபவர்கள் ஆகியோரை ஏற்பாடு செய்து தரும் நிறுவனங்களை உறவினர் ஒருவர் பரிந்துரைக்கிறார். அது அவசியம்தானா, அல்லது நம்மிடம் இருப்பதைக் கொண்டே இதைச் செய்ய முடியுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மழலைப்பள்ளி ஆசிரியை (திருச்சி):

அன்புள்ள சகோதரிக்கு, வாழ்த்துகள். கூடாரமும் வேடமிட்டவர்களும் தவறில்லை. ஆனால் அவர்கள் வருவது மாலை வரவேற்பின் இரண்டு மூன்று மணி நேரத்துக்குத்தான். உங்களுக்குச் சிக்கல் வரப்போவது விடியற்காலையில். இரவு பதினொன்றுக்குப் படுத்த குழந்தையை நான்கு மணிக்கு எழுப்பி, குளிப்பாட்டி, உறுத்துகிற பட்டுச் சட்டையை மாட்டி, வெறும் வயிற்றோடு புகைக்கு நடுவே உட்கார வைத்தால் எந்த விளையாட்டாலும் அதைச் சமாதானப்படுத்த முடியாது. ஆகவே முதல் ஏற்பாடு தூக்கமும் சாப்பாடும்தான். வரவேற்பு நாளன்று குழந்தைகளுக்கென்று மாலை ஏழு மணிக்குத் தனிப் பந்தி போடச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் முதல் ஈடு இட்லியைச் சின்னக் குழந்தைகளுக்கென்று ஒரு தூக்கில் எடுத்து ஐந்தரை மணிக்கெல்லாம் அறைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் மறுக்கமாட்டார். பட்டு உடையைத் தாலி கட்டும் நேரத்துக்குச் சற்று முன் போட்டால் போதும். அதுவரை பருத்தி உடை இருக்கட்டும்.

2 முதல் 4 வயதுக் குழந்தைகளைக் கூட்டமாக உட்கார வைத்து எதையும் நடத்த இயலாது. அந்த வயதுக் குழந்தை பக்கத்துக் குழந்தையோடு சேர்ந்து விளையாடுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து தன்போக்கில் விளையாடுவதுதான் அதிகம். அந்தக் கூடுதல் அறையில் ஜமக்காளம் விரித்து, மரச் சொப்புச் சாமான், எவர்சில்வர் தம்ளர்கள், மூடியோடு கூடிய சில டப்பாக்கள் ஆகியவற்றைப் போட்டுவிடுங்கள். தம்ளருக்குள் தம்ளரை அடுக்குவதும் எடுப்பதும் அவர்களுக்கு நெடுநேரம் அலுக்காது. இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் அங்கே கண்டிப்பாக இருக்க வேண்டும். அவர்கள் அரைமணிக்கொரு முறை மாறிக்கொள்ள வேண்டும். யார் எப்போது என்பதைத் தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டுங்கள். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டால் யாருமே பார்ப்பதில்லை.

5 முதல் 8 வயது வரை உள்ள ஏழு பேருக்கு என் யோசனை, பொம்மைக் கல்யாணம். உங்கள் வீட்டில் கொலுவுக்கு வைக்கும் மரப்பாச்சி ஆணும் பெண்ணுமாக இருந்தால் எடுத்து வாருங்கள். மாலை கட்டிய பூவில் மிஞ்சியது, வெட்டிப்போட்ட ஜரிகைத் துண்டுகள், மஞ்சள் கயிறு, கொஞ்சம் அட்சதை ஆகியவற்றைக் கொடுத்து, மேடையில் நடப்பதையெல்லாம் மரப்பாச்சிகளுக்கும் செய்யச் சொல்லுங்கள். "இப்போது மேடையில் என்ன செய்கிறார்கள்?" என்று ஒரு குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொல்லும், மற்றவர்கள் அதைச் செய்வார்கள். பெண் வீட்டார் யார், மாப்பிள்ளை வீட்டார் யார் என்று பிரிந்து சண்டைகூடப் போடுவார்கள். சடங்கு ஒவ்வொன்றும் எதற்காக என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். அதைச் சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியை அருகில் உட்கார வைத்துவிடுங்கள்.

சாயம், வண்ணப் பேனா, பசை போன்றவற்றை மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டாம். பட்டுத் துணியில் பட்டால் குழந்தையும் திட்டு வாங்கும், தாயும் அழுவாள்.

ஓய்வுபெற்ற மண்டப மேலாளர் (கும்பகோணம்):

அம்மா, வணக்கம். ஆசிரியை சொன்னவற்றோடு பாதுகாப்பு பற்றிச் சிலவற்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் மகிழ்ச்சியான நாளில் இவற்றை எவரும் நினைப்பதில்லை. மேல்தளத்தில் கூடம் என்கிறீர்கள். மாடிப்படியின் மேல்முனையிலும், சமையற்கட்டுக்குப் போகும் வழியிலும், வண்டி நிறுத்துமிடத்துக்கான வாசலிலும் ஆள் இருக்க வேண்டும். சாம்பார் அண்டாவையும் ரச வாளியையும் தூக்கிக்கொண்டு பரிமாறுபவர்கள் விரைந்து வரும் பாதையில் ஓடிப்பிடித்து விளையாடும் குழந்தை குறுக்கே வருவதுதான் மண்டபங்களில் எனக்கு எப்போதும் இருந்த பெரிய அச்சம். முந்தின நாளே மண்டபத்தைச் சுற்றி வந்து, தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாக இருக்கிறதா, ஜெனரேட்டர் அறை பூட்டியிருக்கிறதா, கைப்பிடிச் சுவர் குழந்தை ஏறுகிற உயரத்திலா என்று பார்த்துவிடுங்கள்.

வாயு நிரப்பிய பலூன்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஹீலியம் விலை அதிகம் என்பதால் ஹைட்ரஜனை நிரப்பித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குத்துவிளக்கும் கற்பூர ஆரத்தியும் ஓமமும் இருக்கிற இடத்தில் அது தீப்பிடித்து வெடிக்கும். வாயால் ஊதிய சாதாரண பலூனும் வெடித்தபின் அதன் துண்டு, வாயில் போடும் வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். சிறு குழந்தைகளுக்குத் தங்க நகை வேண்டாம். தகப்பனாரின் கைப்பேசி எண்ணை ஒரு துணிப் பட்டையில் எழுதிக் கையில் கட்டிவிடுங்கள்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். தோரணம் கட்டுகிறவர்கள் முந்தின நாள் பிற்பகலில் குருத்தோலையோடு வந்துவிடுவார்கள். அவர்களிடம் ஒரு கட்டு ஓலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிளி, பாம்பு, கைக்கடிகாரம், காற்றாடி என்று ஓலையில் செய்யத் தெரிந்த முதியவர் உங்கள் உறவிலேயே ஒருவராவது இருப்பார். பீப்பீ செய்வது இன்னும் எளிது. ஈர்க்கை உரித்தெடுத்த ஓலையின் நுனியைக் குறுகலாகச் சுருட்டத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி அகலப்படுத்திக்கொண்டே போனால் நாயனத்தின் அடிமுனையில் அகன்றிருக்கும் அணைசு போல விரிந்து வரும். கடைசிச் சுற்றை ஈர்க்குத் துண்டால் குத்தி நிறுத்திவிட்டுக் குறுகிய முனையைப் பல்லால் லேசாக அமுக்கி ஊதினால் சத்தம் வரும். ஐந்து வயதுப் பிள்ளையும் இரண்டாம் முறையில் ஊதிவிடும். ஊதுவதை முந்தின நாள் பிற்பகலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

நாயனக்காரர்களையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. அங்கே ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பக்கத்துக் கலைஞர்கள் வந்தால், வாசிப்புத் தொடங்குமுன் பத்து நிமிடம், வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றிக் காட்டவும், தவில்காரர் வலக்கை விரல்களில் கூடு மாட்டுவதைக் காட்டவும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். தவில் குச்சியைக் கையில் வாங்கிப் பார்த்த 9, 10 வயதுப் பிள்ளை அதன்பிறகு கச்சேரியை வேறு விதமாகக் கேட்கும். அவர்களுக்கு ஒரு காபியும் தனி மரியாதையும் செய்துவிட்டுக் கேட்பது முறை.

ஒரு தாய் (கோயம்புத்தூர்):

என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் உள்ள குழந்தை. இந்த உரையாடலில் இதுவரை வராத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கெட்டிமேளம் கொட்டும் அந்த ஒரு நிமிடம் எல்லோருக்கும் மங்கலம். என் மகனுக்கு அது தாங்க முடியாத வேதனை. காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறுவான். சுற்றி நிற்பவர்கள் பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்று பார்ப்பார்கள். உங்கள் 18 குழந்தைகளில் அப்படி ஒருவர் இருக்கலாம். பெற்றோர் வெளியே சொல்லாமலும் இருக்கலாம். ஆகவே அழைக்கும்போதே, "குழந்தைக்கு ஏதேனும் தனி ஏற்பாடு தேவையா, அறை ஒன்று அமைதியாக வைத்திருக்கிறோம்" என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் எத்தனை பெரிய ஆறுதல் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

உங்களுக்குக் கிடைத்திருக்கும் அறை ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தால் நல்லது. அறைக்குள் பாட்டுப் பெட்டி வேண்டாம். விளக்கு மங்கலாக இருக்கட்டும். காதை மூடும் சத்தத் தடுப்பானை நாங்களே கொண்டுவருவோம். தாலி கட்டுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு யாராவது ஒருவர் வந்து, "இப்போது மேளம் பலமாக ஒலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனால், அவனைத் தயார்படுத்தி வாசலுக்கு அழைத்துச் சென்றுவிட எங்களுக்கு நேரம் கிடைக்கும். கைக்குழந்தைகளுக்கும் இது பொருந்தும். அவர்களை ஒலிபெருக்கிக்கு முன்னால் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பது அவர்கள் காதுக்கு நல்லதல்ல.

இன்னொன்று. என் மகனுக்கு வரிசைப்படுத்துவது மிகவும் பிடிக்கும். ஒரு திருமணத்தில் தாம்பூலப் பைகளில் தேங்காயையும் வெற்றிலை பாக்கையும் போட்டு அடுக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். நெடுநேரம் முகம் மலர்ந்து அதையே செய்துகொண்டிருந்தான். அந்தத் திருமணத்தை நடத்தியவர்களுக்கு நான் இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆடுபுலி (புதுக்கோட்டை):

மேலே அந்தத் தாய் சொன்னதுதான் விஷயத்தின் வேர் என்று நான் நினைக்கிறேன். கல்யாணத்தில் வேலை உள்ள பிள்ளைக்கு அலுப்பு வருவதில்லை. குறிப்பாக 9 வயதுக்கு மேற்பட்ட ஏழு பேரையும் "குழந்தைகள் அறை"க்குள் அனுப்பப் பார்த்தால் அவர்களுக்கு அது அவமானமாகப்படும், கைப்பேசியைத்தான் எடுப்பார்கள். அவர்களுக்குப் பொறுப்புகளைக் கொடுங்கள். வாசலில் பன்னீர் தெளிப்பது, சந்தனக் கிண்ணத்தையும் கற்கண்டையும் நீட்டுவது, தாலி கட்டுமுன் தட்டேந்திக் கூடம் முழுவதும் அட்சதை கொடுப்பது எல்லாம் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகள் அழகாகச் செய்யக்கூடியவை. 12 வயதைக் கடந்த மூவரில் ஒருவர் மொய் எழுதும் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து பெயரையும் ஊரையும் கேட்டுச் சொல்லலாம். பணத்தைத் தாத்தாவே வாங்கிக்கொள்ளட்டும். மற்ற இருவர் பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் வைக்கலாம்; உப்பு, ஊறுகாய், இனிப்பு வரை பரிமாறலாம். சூடான எதையும் அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. சாப்பிட உட்காருபவரின் இடக்கைப் பக்கம் இலையின் நுனி வர வேண்டும் என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்தால், பெங்களூருப் பிள்ளையும் அதை வாழ்நாள் முழுதும் மறக்காது.

சில வீடுகளில் பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவதும், ஓமத்தில் பொரியிடக் கொடுப்பதும் உண்டு. பெண் வீட்டில் அந்த வயதுப் பையன் இருந்தால் இப்போதே அவனிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்து வருகிற பையனின் நடையே தனியாக இருக்கும்.

வேலையில்லாத நேரத்துக்கு ஆடுபுலி ஆட்டம் ஏற்றது. சுண்ணக்கட்டி ஒன்று போதும்; தரையில் கோடு போட மண்டபத்தார் சம்மதிக்காவிட்டால் அட்டையில் வரைந்துகொள்ளலாம். உச்சியில் ஒரு புள்ளி, அதிலிருந்து இறங்கும் நான்கு கோடுகள், குறுக்கே செல்லும் கோடுகள் என்று மொத்தம் 23 இடங்கள். ஒருவருக்கு 3 புலி, மற்றவருக்கு 15 ஆடு. எல்லா ஆடுகளையும் ஒவ்வொன்றாகக் களத்தில் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்த முடியாது. புலியோ முதலிலிருந்தே பாயலாம். முதலில் எல்லாப் பிள்ளைகளும் புலியைத்தான் கேட்பார்கள். ஆடுகளை நெருக்கமாக நிறுத்திப் புலியை நகரவிடாமல் அடைப்பதில் உள்ள சாமர்த்தியம் புரிந்தவுடன் ஆடு கேட்பார்கள். ஒரு தாத்தாவையும் ஒரு பேரனையும் எதிரெதிரே உட்கார வையுங்கள். தமிழ் சரளமாகப் பேச வராத சிங்கப்பூர்ப் பிள்ளைக்கும் இதில் பேச்சுத் தேவையில்லை. பெண் பிள்ளைகள் பல்லாங்குழி கேட்பார்கள்; அதன் 14 குழிகளுக்கும் புளியங்கொட்டையைவிடச் சோழி நல்லது. எதுவானாலும் சின்னக் குழந்தைகளின் அறைக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது. இரண்டு வயதில் கொட்டையை மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வார்கள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வாடகைக் கூடாரம் வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். பெண் வீட்டாரோடு பேசியதில், அவர்கள் பக்கத்தில் பேச்சு தாமதமாக வந்த ஐந்து வயதுக் குழந்தை ஒன்று இருப்பது தெரியவந்தது. கோயம்புத்தூர்ச் சகோதரி சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னபோது அந்தத் தாயின் குரல் தழுதழுத்தது. அறையை ஒலிபெருக்கியிலிருந்து விலகிய பக்கத்துக்கு மாற்றித் தர மண்டபத்தார் ஒப்புக்கொண்டார்கள். பெண்ணின் தம்பிக்குப் பத்து வயது. கால் கழுவும் சடங்குக்கு இப்போதே ஒத்திகை பார்க்கிறானாம்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கிறது. முகூர்த்தம் ஏழரைக்கு முடிந்து, காலைப் பந்தியும் முடிந்த பிறகு, மதியச் சாப்பாடு வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிற அந்த நேரத்தில்தான் குழந்தைகள் மிகவும் சோர்ந்து, எரிச்சலோடு இருப்பார்கள் என்று தோன்றுகிறது. அப்போது என்ன செய்யலாம்?

மழலைப்பள்ளி ஆசிரியை (திருச்சி):

சகோதரி, நீங்கள் சரியாகக் கணித்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் புதிய விளையாட்டு எதையும் தொடங்காதீர்கள். காலைப் பந்தி முடிந்தவுடன் பட்டைக் கழற்றிப் பருத்தி உடைக்கு மாற்றி, 5 வயதுக்குக் கீழுள்ளவர்களை அறையில் விளக்கணைத்துப் படுக்க வையுங்கள்; நான்கு மணிக்கு எழுந்த குழந்தைகள் ஒன்பது மணிக்குத் தாமாகவே தூங்கிவிடுவார்கள். உங்கள் வீட்டில் நலங்கு உண்டென்றால் அதைப் பத்தரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் உருட்டுவது, அப்பளம் உடைப்பது, குடத்து நீரில் மோதிரம் தேடுவது எல்லாமே பிள்ளைகள் சூழ்ந்து நின்று கைதட்ட வேண்டிய நிகழ்ச்சிகள். அவர்களை முன்வரிசையில் தரையில் உட்கார வைத்து, நாற்காலிகளைப் பின்னால் தள்ளிப் போடச் சொல்லுங்கள். குடத்தில் மோதிரம் தேடி முடிந்ததும் மணமக்களே அதில் ஒரு பெரிய மஞ்சள் கிழங்கைப் போட்டு, ஒவ்வொரு குழந்தையாக அழைத்துத் தேடச் சொல்லலாம். அத்தை, மாமா என்று இனி யாரை அழைக்கப்போகிறோம் என்பது அந்த நேரத்தில்தான் அவர்களுக்குப் பழகும்.

பெரிய பிள்ளைகள் மூவரிடமும் ஓர் ஏட்டைக் கொடுத்து, கூடத்தில் உள்ள மூத்தவர்கள் ஐந்தாறு பேரிடம் அவர்களுடைய கல்யாணம் எந்த ஆண்டில், எந்த ஊரில், எத்தனை நாள் நடந்தது, என்ன சமைத்தார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அந்த ஒரு வேலைக்கு மட்டும் கைப்பேசியையும் கொடுக்கலாம். பாட்டியின் குரலை அவர்கள் பதிவு செய்துகொள்ளட்டும்.